ஜெயித்தவர்களின் சம்பள பாக்கி

1588 என்று சொன்னால் நம் வயதுக்காரர்களுக்குப் பள்ளிக்கூடத்துச் சரித்திரப் புத்தகம் ஞாபகம் வரும். ஸ்பானிஷ் அர்மடா. ஸ்பெயின் ராஜா இரண்டாம் பிலிப் சுமார் 130 கப்பல்களை இங்கிலாந்தின் மேல் அனுப்பினார். சின்ன நாடான இங்கிலாந்து எதிர்த்து நின்றது. புயல் அடித்தது. அர்மடா சிதறியது. எலிசபெத் ராணி புகழ் பெற்றார். ஐந்து மார்க் கேள்விக்கு இது போதும். வாத்தியாரும் அதற்கு மேல் சொன்னதில்லை, நாமும் கேட்டதில்லை.

ரிட்டையர் ஆன பிறகு அந்தக் காலத்துக் கதைகளை நிதானமாகப் படித்து வருகிறேன். முப்பது வருஷத்துக்கு மேல் சம்பள பில்லும் பென்ஷன் ஃபைலும் பார்த்த கண் என்னுடையது. அதற்குப் பீரங்கியும் பாய்மரமும் பெரிதாகத் தெரிவதில்லை. இத்தனை ஆயிரம் பேருக்குச் சம்பளம் யார் கொடுத்தார்கள், எப்போது கொடுத்தார்கள் என்றுதான் அது முதலில் தேடுகிறது. அப்படித் தேடிப் படித்ததில் எனக்கு ஒரு அபிப்பிராயம் உறுதியாகிவிட்டது. தன் மாலுமிகளுக்குச் சேர வேண்டியதைக் கொடுக்காத ராஜாங்கம் எதிரிக்குப் பாதி வேலையை முடித்துக் கொடுத்துவிடுகிறது. இதை தர்ம நியாயமாக மட்டும் சொல்லவில்லை. அந்தக் காலத்துக் கடிதங்களும் டைரிகளும் இதற்குச் சாட்சி சொல்கின்றன.

முதலில் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிலிப் கத்தோலிக்கர், எலிசபெத் புராட்டஸ்டண்ட். பிலிப்பின் ஆட்சியில் இருந்த நெதர்லாந்தில் டச்சுக்காரர்கள் கலகம் செய்தார்கள். 1585ல் எலிசபெத் அவர்களுக்குப் படை அனுப்பி உதவினார். இன்னொரு பக்கம் ஃபிரான்சிஸ் ட்ரேக் போன்றவர்கள் ஸ்பெயினின் துறைமுகங்களையும் கப்பல்களையும் கொள்ளையடித்து வந்தார்கள். 1587 பிப்ரவரியில் ஸ்காட்லாந்து ராணி மேரியின் தலையை எலிசபெத்தின் அரசு வெட்டியது. இனி பேச்சுக்கு இடமில்லை என்று பிலிப் தீர்மானித்துவிட்டார்.

பிலிப்பின் திட்டம் கேட்பதற்குச் சுலபமானது. மெதினா சிதோனியா பிரபுவின் தலைமையில் அர்மடா ஆங்கிலக் கால்வாய்க்குள் வரும். ஃபிளாண்டர்ஸ் கரையில் பார்மா பிரபு ஒரு பெரிய தரைப்படையோடு காத்திருப்பார். அந்தப் படை தட்டையான படகுகளில் ஏறிக் கால்வாயைத் தாண்டும். அர்மடா அதற்குக் காவலாக நிற்கும். படை மட்டும் கரை இறங்கியிருந்தால் அதை எதிர்த்து நிற்க இங்கிலாந்திடம் பழக்கப்பட்ட நிரந்தரச் சேனை கிடையாது. ஆகவே எல்லாம் கப்பற்படையின் தலையில்தான் விழுந்தது.

அது எப்படிப்பட்ட கப்பற்படை? ராணியின் சொந்தக் கப்பல்கள் முப்பத்துச் சொச்சம்தான். மற்றவை எல்லாம் வியாபாரிகளிடமிருந்தும் துறைமுக ஊர்களிடமிருந்தும் சேர்த்தவை. மாலுமிகளில் பலர் கட்டாயமாகப் பிடித்து வரப்பட்டவர்கள். தலைமைத் தளபதி லார்ட் ஹோவர்ட், துணைக்கு ட்ரேக், ஜான் ஹாக்கின்ஸ் முதலியவர்கள். சண்டை தொடங்குவதற்கு முன்பே சாப்பாட்டுக்குத் திண்டாட்டம். நாலு பேர் சாப்பாட்டை ஆறு பேருக்குப் பங்கு போட்டார்கள். உணவுக் கப்பல் எப்போது வரும் என்று ஹோவர்ட் லண்டனுக்குக் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்.

சண்டையின் முடிவு எல்லோருக்கும் தெரிந்ததுதான். கலே அருகே நங்கூரம் போட்டிருந்த அர்மடாவை நோக்கி நள்ளிரவில் எட்டுக் கப்பல்களுக்குத் தீ வைத்து அனுப்பினார்கள். ஸ்பானியர்கள் நங்கூரக் கயிற்றை வெட்டிக்கொண்டு கலைந்தார்கள். மறுநாள் கிராவலைன்ஸ் அருகே சண்டை. பார்மாவின் படகுகளை வெளியே வரவிடாமல் டச்சுக்காரர்களின் சின்னக் கப்பல்கள் ஆழமில்லாத கரையோரத்தைக் காத்துக்கொண்டிருந்தன. காற்று அர்மடாவை வடக்கே தள்ளியது. ஸ்காட்லாந்தையும் அயர்லாந்தையும் சுற்றிக்கொண்டு ஊர் திரும்பும் வழியில்தான் ஸ்பானியர்கள் பல கப்பல்களையும் பல ஆயிரம் பேரையும் இழந்தார்கள். இங்கிலாந்து, தானே தீ வைத்து அனுப்பிய எட்டைத் தவிர, ஒரு போர்க்கப்பலைக்கூட இழக்கவில்லை. சண்டையில் செத்த ஆங்கிலேயர்களும் சொற்பம்.

பாடப்புத்தகம் இங்கே நின்றுவிடும். எனக்கு விஷயம் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஆகஸ்ட் 9ம் தேதி எலிசபெத் தேம்ஸ் நதிக்கரையில் டில்பரி என்ற இடத்தில் கூடியிருந்த தரைப்படைக்கு முன்னால் வந்து பேசினார். (தேதிகள் இங்கிலாந்தின் பழைய காலண்டர்படி, ஸ்பெயின் கணக்கில் பத்து நாள் கூட்டிக்கொள்ள வேண்டும்.) சரித்திரத்தில் பேர் பெற்ற பேச்சு அது. பெண்ணின் பலவீனமான உடலுக்குள் ராஜாவின் நெஞ்சு இருக்கிறது என்று அவர் சொன்னதைத்தான் எல்லோரும் எடுத்துச் சொல்வார்கள். அதே பேச்சில் இன்னொரு வாக்கியமும் இருக்கிறது. உங்களுக்குச் சேர வேண்டிய வெகுமதி தவறாமல் கொடுக்கப்படும், இது அரச வாக்கு என்று படைவீரர்களுக்கு அவர் உறுதி சொன்னார். அதை யாரும் பெரிதாக எடுத்துப் பேசுவதில்லை. அர்மடா அதற்குள் வடக்கே ஓடிப்போய்ப் பத்து நாள் ஆகிவிட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மறுநாள், ஆகஸ்ட் 10ம் தேதி, தேம்ஸ் கடலில் கலக்கும் பகுதிக்கு அருகே உள்ள மார்கேட் என்ற ஊரிலிருந்து ஹோவர்ட், ராணியின் நிதி அமைச்சர் பர்லி பிரபுவுக்கு ஒரு கடிதம் எழுதினார். கப்பல்களில் நோய் பரவிவிட்டது. இறக்கிவிடப்பட்ட மாலுமிகளைத் தங்க வைக்க இடம் இல்லை. தெருவிலேயே கிடந்து சாகிறார்கள், பார்க்கச் சகிக்கவில்லை என்று எழுதினார். கிடைத்த கொட்டகையிலும் களஞ்சியத்திலும் ஆட்களைப் படுக்க வைத்திருப்பதாகச் சொன்னார். 'எலிசபெத் ஜோனாஸ்' என்ற கப்பலில் இருந்த ஐந்நூறு பேரில் இருநூறு பேருக்கு மேல் ஒரே மாதத்தில் செத்துப்போனார்கள். அந்தக் கப்பலின் அடித்தளத்தில் பாரத்துக்குப் போட்டிருந்த கல்லையெல்லாம் வாரி வெளியே கொட்டி, உள்ளே நாள் கணக்கில் புகை போட்டுச் சுத்தம் செய்து பார்த்தார்கள். நோய் திரும்பவும் வந்தது. அனேகமாக டைஃபஸ் காய்ச்சல் என்று இன்றைய சரித்திர ஆசிரியர்கள் சொல்கிறார்கள். புளித்துப்போன பீர், மாதக் கணக்கில் மாற்றாத ஒரே துணி. சட்டை, கால்சட்டை, காலணி ஏதாவது அனுப்புங்கள், இல்லாவிட்டால் சீக்கிரமே பெரும்பாலானவர்கள் அம்மணமாக நிற்பார்கள் என்று தளபதி கெஞ்ச வேண்டியிருந்தது.

ஸ்பெயினின் குண்டு கொல்லாதவர்களைச் சொந்த ஊர்த் தெரு கொன்றது.

இதே வாரத்தில் பர்லி பிரபு வேறொரு கடிதம் எழுதினார். கடலில் இத்தனை பேர் செத்துப்போயிருக்கிறார்கள், அவர்களோடு சம்பளமும் சாகவில்லையே, ஆச்சரியமாக இருக்கிறது என்று. முதல் தடவை படித்தபோது எனக்கு ரத்தம் கொதித்தது. ஆனால் கணக்குப் பிரிவில் இருந்தவன் என்ற முறையில் அவர் பக்கத்தையும் சொல்லாமல் விடக்கூடாது.

பர்லி கேட்டது சட்டப்படி கேட்க வேண்டிய கேள்விதான். செத்தவன் பெயரையும் ஓடிப்போனவன் பெயரையும் பட்டியலில் வைத்துக்கொண்டு சம்பளத்தைக் கேப்டன்கள் சுருட்டுவது அந்தக் காலத்தில் ஊரறிந்த மோசடி. இன்றைக்கு நாம் வருஷா வருஷம் நவம்பர் மாதம் போய் 'நான் உயிரோடுதான் இருக்கிறேன்' என்று லைஃப் சர்ட்டிபிகேட் கொடுத்துவிட்டு வருகிறோமே, அது எதற்கு? பர்லியின் கேள்விக்குப் பதிலாகத்தான். கஜானாவும் காலி. ராணிக்கு நிரந்தரமான பெரிய வரி வருமானம் கிடையாது. கூடுதல் வரி வேண்டுமென்றால் பார்லிமெண்டைக் கூட்டிக் கேட்க வேண்டும். லண்டன் வியாபாரிகளிடம் கடன் கிடைக்குமா என்று பர்லி அலைந்துகொண்டிருந்தார். கையில் காசு இல்லாத கணக்கதிகாரியின் தவிப்பு எனக்குத் தெரியும்.

அவருக்குச் சரியான பதிலைச் சொன்னவர் ஜான் ஹாக்கின்ஸ். இவர் சண்டைக்காரர் மட்டுமல்ல, கப்பற்படையின் பொருளாளரும்கூட. ஒன்று சொல்லிவிட வேண்டும். இளம் வயதில் ஆப்பிரிக்க மனிதர்களைப் பிடித்து அடிமைகளாக விற்றவர் இவர். அந்தக் கறை எதைச் செய்தாலும் போகாது. ஆனால் மாலுமிகளின் மாதச் சம்பளத்தை ஆறு ஷில்லிங் எட்டுப் பென்ஸிலிருந்து பத்து ஷில்லிங்காக 1585ல் உயர்த்தச் செய்தவரும் இவர்தான். குறைவான, நல்ல ஆட்களை ஒழுங்காகச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்வதே லாபம் என்பது அவர் வாதம். பர்லிக்கு அவர் எழுதிய பதில் இரண்டு வரி. செத்தவர்களின் சம்பளத்தை அவர்களுடைய சொந்தக்காரர்கள் வந்து கேட்கிறார்கள். நோயாளிகளை நிறுத்திவிட்டுப் புது ஆட்களை எடுத்தால் அதற்கு இன்னும் அதிகமாகச் செலவாகிறது. இதைவிடத் தெளிவாக ஒரு ஆபீஸ் நோட் எழுத முடியாது. இந்த உத்தியோகத்தைவிட வேறு நரகம் இல்லை, கடவுள் சீக்கிரம் விடுவிக்கட்டும் என்றும் ஒரு கடிதத்தில் புலம்பியிருக்கிறார். பட்டுவாடா சீட்டில் உட்கார்ந்தவர்களுக்கு இது புரியும்.

செத்தவனின் சம்பளம் என்பது என்ன? அவன் செத்த பிறகு வரும் காசு இல்லை. செத்த நாள் வரைக்கும் உழைத்துச் சம்பாதித்த காசு. அது அவன் பெண்டாட்டிக்கும் பிள்ளைக்கும் சேர வேண்டியது. நான் வேலை பார்த்த ஆபீஸில் பணியில் இருக்கும்போதே இறந்தவர்களின் குடும்பத்தார் வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு சான்றிதழ் குறைகிறது, ஒரு கையெழுத்து இல்லை என்று ஃபைல் மேலும் கீழும் போய் வரும். அங்கே யாரும் கெட்டவர்கள் இல்லை. விதிப்படிதான் நடந்தது. ஆனால் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அந்த அம்மாவுக்கு, தன் வீட்டுக்காரர் இருந்த வரைக்கும் இவர்களுக்கெல்லாம் வேண்டியவர், இப்போது யாரோ என்பது மட்டும் புரிந்துவிடும். ஆற்றைக் கடக்கும் வரைக்கும் அண்ணன் தம்பி, கடந்த பிறகு நீ யாரோ நான் யாரோ என்று சும்மா சொல்லவில்லை. 1588ல் இங்கிலாந்து கடந்தது ஆறு அல்ல, கடல். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஹோவர்ட் பிரபுவைப் பாராட்டத்தான் வேண்டும். தன் கைக்காசைப் போட்டார். பிடிபட்ட ஸ்பானியக் கப்பலில் இருந்த பணத்திலிருந்தும் எடுத்துக் கொடுத்துவிட்டு, இதை நான் திருப்பித் தருகிறேன் என்று எழுதினார். இப்போது இவர்களைக் கைவிட்டால், அடுத்த தடவை கூப்பிடும்போது யாரும் வரமாட்டார்கள் என்பது அவருடைய பயம்.

ஸ்பெயின் இந்த விஷயத்தில் ஒழுங்கா என்றால், அதுவும் இல்லை. தென் அமெரிக்காவின் பொதோசி மலையிலிருந்து வெள்ளி வந்து குவிந்துகொண்டிருந்த தேசம் அது. அப்படியும் பிலிப் 1557, 1575, 1596 என்று திரும்பத் திரும்பக் கடனை அடைக்க முடியாது என்று கைவிரித்தவர். 1575ல் கைவிரித்ததன் பலன் மறு வருஷமே தெரிந்தது. நெதர்லாந்தில் இருந்த அவருடைய படைக்குச் சம்பள பாக்கி ஏறிக்கொண்டே போயிற்று. 1576 நவம்பரில் அந்தச் சிப்பாய்கள் கலகம் செய்து, ஐரோப்பாவின் பெரிய வியாபார நகரமான ஆண்ட்வெர்ப்புக்குள் புகுந்து சூறையாடினார்கள். ஆயிரக்கணக்கான பேர் செத்தார்கள். அதுவரை தங்களுக்குள் ஒத்துப்போகாமல் இருந்த நெதர்லாந்து மாகாணங்கள் அந்த வாரமே ஸ்பானியப் படைக்கு எதிராக ஒன்று சேர்ந்தன. எதிரியால் சேர்த்து வைக்க முடியாதவர்களைச் சம்பள பாக்கி சேர்த்து வைத்தது. அர்மடாவில் போய் நோயும் பட்டினியுமாகத் திரும்பியவர்களும் ஸ்பெயினின் துறைமுகங்களில் வந்து இறங்கியபின் கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள். ஜெயித்த தேசத்து மாலுமிக்கும் தோற்ற தேசத்து மாலுமிக்கும் முடிவு ஏறக்குறைய ஒன்றுதான்.

இங்கிலாந்தில் இதற்குப் பிறகு ஒரு நல்ல காரியம் நடந்தது. 1590 வாக்கில் சாத்தம் என்ற கப்பல் கட்டும் ஊரில் ஒரு நிதி ஏற்பட்டது. அதற்குப் பெயரே 'சாத்தம் பெட்டி'. கை கால் இழந்த மாலுமிகளுக்கு அதிலிருந்து உதவித்தொகை கொடுப்பார்கள். ஹாக்கின்ஸும் ட்ரேக்கும் முன்னின்று செய்த ஏற்பாடு. பின்னால் அதற்கென்றே ஒரு இரும்புப் பெட்டி செய்தார்கள். அதற்குப் பல பூட்டுகள். சாவிகள் வெவ்வேறு ஆட்களிடம். எல்லோரும் சேர்ந்து வந்தால்தான் திறக்க முடியும். தணிக்கைக்காரர் யாரோ யோசனை சொல்லியிருப்பார் போல.

நாம் இன்று வாங்கும் பென்ஷனின் கொள்ளுத்தாத்தா என்று இந்தப் பெட்டியைச் சொன்னால் தப்பில்லை. ஆனால் பணம் எங்கிருந்து வந்தது? ராணியின் கஜானாவிலிருந்து இல்லை. மாலுமிகளின் சம்பளத்திலிருந்தே மாதம் ஆறு பென்ஸ் பிடித்தார்கள். பத்து ஷில்லிங் என்பது நூற்றிருபது பென்ஸ், அதில் ஆறு. நூற்றுக்கு ஐந்து. நாட்டைக் காப்பாற்றியவன் ஊனமாகிப் போனால், அவனைக் காப்பாற்றுவது அவனோடு வேலை செய்யும் ஏழை மாலுமிதான். அந்தப் பெட்டியிலும் முறைகேடு என்று புகார்களும் விசாரணைகளும் வந்து போயின. இருந்தாலும் அந்த நிதி இருநூறு வருஷத்துக்கு மேல் நீடித்தது.

இந்தச் சாத்தம் என்ற ஊர்ப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். எண்பது வருஷம் கழித்து இங்கிலாந்தின் மானம் போனது இதே ஊரில்தான்.

1667. இப்போது எதிரி ஸ்பெயின் இல்லை. அர்மடா காலத்தில் கூட்டாளிகளாக நின்ற டச்சுக்காரர்களே இப்போது எதிரிகள். கடல் வியாபாரம் யாருக்கு என்ற போட்டி. நம் பழவேற்காட்டில் கோட்டை கட்டி, நாகப்பட்டினத்தையும் போர்த்துகீசியரிடமிருந்து பிடித்திருந்த அதே டச்சுக்காரர்கள்தான். ராஜா இரண்டாம் சார்லஸின் கையில் காசில்லை. 1665ல் பிளேக், 1666ல் லண்டன் மாநகரத் தீ. சமாதானப் பேச்சுதான் நடக்கிறதே என்று பெரிய போர்க்கப்பல்களைச் செலவு மிச்சம் பிடிக்கச் சாத்தம் அருகே மெட்வே நதியில் கட்டிப்போட்டுவிட்டார்கள். மாலுமிகளுக்குச் சம்பளம் காசாகக் கொடுக்கவில்லை. 'இவனுக்கு இவ்வளவு தர வேண்டியிருக்கிறது' என்று எழுதிய சீட்டைக் கொடுத்தார்கள். அதை லண்டனில் இருந்த கப்பற்படை ஆபீஸில் கொண்டுபோய் மாற்றிக்கொள்ள வேண்டும். போனால் அங்கே காசு இருக்காது. பசி தாங்காதவர்கள் அந்தச் சீட்டைக் கிடைத்த விலைக்குத் தரகர்களிடம் விற்றார்கள்.

அந்த ஆபீஸில் பெரிய அதிகாரி சாமுவேல் பீப்ஸ். தினமும் டைரி எழுதியவர். அந்த டைரி இல்லையென்றால் நமக்கு இதில் பாதி தெரிந்திருக்காது. சம்பளம் இல்லாமல் மாலுமிகள் தெருவில் பட்டினி கிடப்பதை 1665லேயே எழுதி வைத்திருக்கிறார். மார்கேட் தெருவில் நடந்தது லண்டன் தெருவில் திரும்ப நடந்தது.

1667 ஜூன் மாதம் டி ரூய்ட்டர் தலைமையில் டச்சுக் கப்பல்கள் தேம்ஸ் முகத்துக்குள் வந்தன. ஷீர்னஸ் கோட்டையைப் பிடித்தன. மெட்வே நதிக்குக் குறுக்கே கட்டியிருந்த இரும்புச் சங்கிலியைத் தாண்டி உள்ளே போய், கட்டிப்போட்டிருந்த கப்பல்களுக்குத் தீ வைத்தன. 'ராயல் சார்லஸ்' என்ற ராஜாவின் பெரிய கப்பலை அப்படியே இழுத்துக்கொண்டு ஹாலந்துக்குப் போய்விட்டார்கள். நாடு கடந்து இருந்த சார்லஸை 1660ல் அரியணை ஏற அழைத்து வந்த கப்பல் அது. சாத்தம் கப்பல் தளத்தில் வேலை செய்தவர்களுக்கும் மாதக் கணக்கில் கூலி பாக்கி. ஆபத்து வந்தபோது கூப்பிட்ட குரலுக்கு வந்தவர்கள் சொற்பம்.

அந்த நாட்களில் பீப்ஸ் குறித்துவைத்த இரண்டு விஷயங்களுக்காகத்தான் இத்தனையும் எழுதினேன். ஒன்று, டச்சுக் கப்பல்களிலிருந்து ஆங்கிலத்தில் குரல் கேட்டதாம். முன்பு சீட்டுக்காகச் சண்டை போட்டோம், இப்போது காசுக்காகப் போடுகிறோம் என்று கத்தினார்களாம். டச்சுக்காரர்கள் கையில் காசு கொடுத்தார்கள் என்பதால் அங்கே போய்ச் சேர்ந்த ஆங்கிலேய மாலுமிகள். இரண்டாவது, லண்டனில் மாலுமிகள் குடியிருந்த பகுதியில் அவர்களுடைய மனைவிமார் தெருவில் இறங்கி, எங்கள் புருஷன்மாருக்குச் சம்பளம் கொடுக்காததால் வந்த வினை இது என்று கூச்சல் போட்டார்கள். யுத்த நிபுணர்கள் எழுதிய எந்த அறிக்கையும் இந்தப் பெண்கள் சொன்னதைவிடச் சரியாகக் காரணத்தைச் சொல்லவில்லை என்பது என் அபிப்பிராயம்.

பீப்ஸ் அந்த நேரத்தில் என்ன செய்தார் தெரியுமா? தன் பெண்டாட்டியிடமும் அப்பாவிடமும் சுமார் 1,300 பவுன் தங்கத்தைக் கொடுத்துக் கிராமத்துக்கு அனுப்பி வைத்தார். அவர்கள் அதைத் தோட்டத்தில் புதைத்தார்கள். சில மாதம் கழித்து அவரே போய், இருட்டில் லாந்தரை வைத்துக்கொண்டு தோண்டி எடுத்தார். மாலுமிக்குச் சீட்டு, அதிகாரிக்குத் தங்கம். இதற்கு மேல் நான் விளக்கம் எழுத வேண்டியதில்லை.

நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது ஒரு கேள்வி கேட்டார். "சார், இப்படியெல்லாம் மாலுமியை வதைத்த இங்கிலாந்துதானே கடைசியில் கடலையே ஆண்டது? உங்கள் வாதம் எப்படி நிற்கும்?" நல்ல கேள்வி. என் பதில் இது. 1588ல் அது தப்பியது, வாடிக்கையாக ஜெயிக்கவில்லை. கடலை ஆண்டது கடன் வாங்கவும் ஒழுங்காகத் திருப்பிக் கொடுக்கவும் கற்றுக்கொண்ட பிறகு. 1694ல் பாங்க் ஆஃப் இங்கிலாந்து ஏற்பட்டதே பிரான்ஸோடு நடந்த யுத்தத்துக்கு அரசுக்குக் கடன் கொடுக்கத்தான். அந்தப் பணம் கப்பற்படைக்குப் பெரிய பலம். அப்படியும் மாலுமியின் சம்பளத்தை மட்டும் சுமார் 140 வருஷம் உயர்த்தாமலே வைத்திருந்தார்கள். 1797ல், பிரெஞ்சுப் படை எப்போது வந்து இறங்கும் என்று நாடே பயந்துகொண்டிருந்த சமயத்தில், ஸ்பிட்ஹெட் என்ற இடத்தில் மாலுமிகள் கப்பலை எடுக்க மாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். எதிரிக் கப்பல் கிளம்பினால் மட்டும் உடனே எடுப்போம் என்றும் சொன்னார்கள். 1667ல் செய்தது போல எதிரியிடம் போகவில்லை. வேலைநிறுத்தம் மட்டும் செய்தார்கள். பார்லிமெண்ட் சம்பளத்தை உயர்த்தியது, ராஜா மன்னிப்பு வழங்கினார். ஒன்றரை நூற்றாண்டாகக் கேட்டுக் கிடைக்காதது சில வாரங்களில் கிடைத்தது. அதுவரை இல்லாத காசு அப்போது மட்டும் எங்கிருந்து வந்தது? இருந்தது. கொடுக்க மனம்தான் வரவில்லை.

வள்ளுவர் படையைப் பற்றிப் பாடும்போது வறுமையும் மனக்கசப்பும் இல்லாத படையே வெல்லும் என்ற கருத்தைச் சொல்லிவைத்திருக்கிறார். கப்பலை எண்ணாமல் சிப்பாயின் அடுப்பைப் பார்த்தவர் அவர்.

அர்மடாவை முறியடித்தது யார் என்று பேரப்பிள்ளைகள் கேட்டால் புயல் என்று சொல்லாதீர்கள். ராணி என்றும் ட்ரேக் என்றும் மட்டும் சொல்லாதீர்கள். நாலு பேர் சாப்பாட்டை ஆறு பேராகப் பகிர்ந்துகொண்டு நின்றவர்கள் என்று சொல்லுங்கள். அவர்களில் பலர் ஜெயித்துவிட்டு வந்து மார்கேட் தெருவில் செத்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 'ராயல் சார்லஸ்' கப்பலின் பின்பக்கத்தை அலங்கரித்த சிற்பப் பலகை இன்றும் ஆம்ஸ்டர்டாமில் ரிக்ஸ் மியூசியத்தில் இருக்கிறது. சிங்கமும் ஒற்றைக் கொம்புக் குதிரையும் செதுக்கிய இங்கிலாந்து ராஜ முத்திரை அது. உங்கள் பிள்ளைகள் யாராவது அந்தப் பக்கம் போனால் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். சம்பளத்தை மிச்சம் பிடிக்கப் பார்த்த ராஜா கடைசியில் கொடுத்த விலை அது.